லாக் போடாத ஜாக்கி

எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பதினோரு மாதம் தரையில் கால் வைக்காமல் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இன்னும் இறக்காம வச்சிருக்க?" என்று கேட்பார்கள். "எனக்கு இறக்கத் தெரியாது" என்பேன். பச்சைப் பொய். ஜாக்கியில் இரண்டு பெடல்கள் இருக்கின்றன. ஒன்றை மிதித்தால் ஏறும், இன்னொன்றை மிதித்தால் இறங்கும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

அது என் கணவரின் வண்டி. பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஆயில் மாற்ற ஆரம்பித்தார். பழைய ஆயிலைத் தட்டில் வடியவிட்டார். அடியில் இருந்த போல்ட்டின் செம்பு வாஷர் நசுங்கிப்போயிருந்தது. "அஞ்சு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தே போனார். கவுன்டரில் நின்று வாஷரின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. நான் அந்த நேரத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அவரைப் போல் ஜாக்கிரதையான ஆளை நான் பார்த்ததே இல்லை. வேலையே அதுதான். ஆபீஸ் ஆபீஸாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் கருவிகளைச் சோதித்துச் சீட்டு ஒட்டிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. நான் கேஸை மூடிவிட்டு வந்தால் பின்னாலேயே போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பார். பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினால் கீழே பிடிக்க ஆள் வேண்டும். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆசையாக ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "ஆபத்துன்னா அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். இன்றுவரை எனக்கு அந்தப் படத்தின் கதை ஞாபகமில்லை, கதவுதான் ஞாபகம் இருக்கிறது.

அவருடைய வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. அதனால் ஜாக்கி வேண்டும். ஜாக்கி வாங்குவதற்கு அவர் பட்ட பாடு, பெண் பார்ப்பதற்குக்கூட அவ்வளவு பட்டிருக்க மாட்டார். வாங்கி வந்ததும் வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றுவார். ஹேண்டில் முனை சுவரில் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவார். மறுநாள் காலையில் வந்து பார்ப்பார். முதல் ஜாக்கி ஒரே நாளில் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இரண்டாவதில் வெல்டிங் விட்டிருந்தது. இரண்டையும் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டார். "முதல் அரை மணி நேரம் எல்லா ஜாக்கியும் நல்லாத்தான் நிக்கும், மனுஷங்க மாதிரி. ஒரு நாள் முழுக்க நிக்குதான்னு பாக்கணும்" என்பார். மூன்றாவது ஜாக்கி பாஸானது. அதற்கான கோடும் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியும் ஷெட் சுவரில் அப்படியே இருந்தன.

அவர் போனபிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் ஷெட்டுக்குத்தான் போவேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்க மாட்டேன். ஹேண்டில் முனை கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை செய்கிறேன். கால் மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் வாய் மூடாது என்று திட்டு வாங்கிய கண் இது. அந்தக் கண்ணுக்கு ஒரு நூல் வித்தியாசம்கூடத் தெரியவில்லை. பதினோரு மாதமாக வண்டி அவர் விட்டுவிட்டுப் போன உயரத்திலேயே நின்றது. பார்த்துவிட்டு உள்ளே வந்தால் நெஞ்சில் ஏதோ ஒன்று கொஞ்சம் இளகும். அதன் பிறகுதான் முகம் கழுவப் போவேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. வண்டி மேலே நிற்கும்வரைக்கும் அவர் வாஷர் வாங்கப் போயிருக்கிறார். அவ்வளவுதான். இறக்கிவிட்டால், வரமாட்டார் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். லேபில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஊன்றுகோல் இல்லாமல் பாத்ரூம்வரை போவதே பெரிய பாடு. ஒரு காலத்தில் தபால்காரராகத் தெருத்தெருவாக சைக்கிள் மிதித்தவர். அதிர்ந்து பேசத் தெரியாது. எனக்கோ வாய் நீளம். ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது குறைவு. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமா மகனிடம் சொல்வார். நானும் அப்படித்தான். "உங்கப்பாவுக்கு உப்பு போதுமான்னு கேளுங்க" என்பேன், மாமா அதே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார். நடுவில் இருந்தவர் போனதும் இரண்டு பேருக்கும் பேச்சு எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஒரு நாளைக்கு எங்களுக்குள் நடக்கிற பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். "மாத்திரை போட்டாச்சா?" "ஆச்சும்மா." "போயிட்டு வரேன் மாமா." "பாத்துப் போம்மா." சாயங்காலம், "வந்துட்டியா?" "ம்." அப்புறம் அவர் அறையில் டிவி முணுமுணுக்கும். நான் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன். தட்டில் போட்டுக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தால் என்ன பேசுவது? ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பேர் தனித்தனியாக இருப்பது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

ஆறாவது மாதம் என் அண்ணன் வண்டியை இறக்கிவிடுவதாக வந்தான். நான் ஷெட் கதவில் குறுக்கே நின்றேன். "மாமாவுக்காகத்தான் வச்சிருக்கேன். அவர் தினமும் இங்க வந்து உக்காருறாரு, அவர் மனசு நோகக்கூடாது" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. பாத்ரூமில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குள் வண்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் தத்தித் தத்தி அங்கே வருகிறார், மகனின் வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று புரிந்துகொண்டேன். நான் ஸ்டூலை எடுத்துப் பழையபடி பாத்ரூமில் வைப்பேன். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

போன புதன்கிழமை சாயங்காலம் ஷெட்டில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால் தரையில் எண்ணெய். வண்டியின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். அதுவும் அன்றைக்கே வடிந்துபோய்விட்டது, தட்டை நான்தான் காலி செய்தேன். இது தண்ணீர் மாதிரி, லேசான மஞ்சள் நிறத்தில், ஜாக்கியின் அடியிலிருந்து பரவியிருந்தது. போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் லேபுக்குப் போய் ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பி, ஜாக்கி ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடையை நடத்துவது ஒரு பெண். எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். அறுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பிஸ்கட். சுற்றிலும் லாரி ஜாக்கி, கார் ஜாக்கி எல்லாம் குடல் வெளியே வந்து கிடந்தன.

"என்னம்மா, லீக்கா?" என்றார்.

"ஆமாக்கா. லேசாத்தான். மத்தபடி ரொம்ப நல்ல ஜாக்கி" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பதினோரு மாசமா வண்டி அதுமேலதான் நிக்குது. ஒரு நூல்கூட இறங்கல."

பிஸ்கட்டை டீயில் நனைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாதி பிஸ்கட் கழன்று டீக்குள் விழுந்தது.

"லாக்குலதானே நிக்குது?"

"ஆமா, லாக் போட்டுத்தான் இருப்பாரு. என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆளு."

"போட்டோ இருந்தா காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கம்பி இருக்கு பாரு, பக்கத்துல சும்மா தொங்குதே. இதுதான் லாக். இது இந்த வரிசையில இருக்கிற பள்ளத்துல ஏதாவது ஒண்ணுல விழுந்திருக்கணும். விழல. உன் வீட்டுக்காரர் லாக் போடல."

"இருக்கவே இருக்காது" என்றேன்.

"படத்துல இருக்கறதத்தான் சொல்றேன். உன் வண்டி ஜாக்கிக்குள்ள இருக்கற வெறும் ஆயில்லதான் நிக்குது. அது ஒருத்தர் மூட்டையைக் கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கற மாதிரி. எவ்வளவு தெம்பான ஆளா இருந்தாலும் கை தளரும். நல்ல ஜாக்கி, மட்டமான ஜாக்கின்னு வித்தியாசமே கிடையாது. ஒரு நாள் நிக்கும், ரெண்டு நாள் நிக்கும். பதினோரு மாசம் எந்த ஜாக்கியும் நிக்காது."

"நான் தினமும் பாக்கறேன்க்கா. சுவத்துல கோடு இருக்கு. கோட்டுக்கு நேராத்தான் இருக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ யாரோ தினமும் மிதிக்கிறாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "யார் மிதிக்கறது? வீட்ல நானும் என் மாமனாரும்தான். அவருக்கு முழங்கால் ரெண்டும்..."

சொல்லி முடிக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூல் கண்முன் வந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தரையில் பரவியிருந்த எண்ணெயின் படத்தை மறுபடி பார்த்தார். "உள்ள ஆயிலைத் தடுக்கற ரப்பர் சீல் கிழிஞ்சிடுச்சு. இவ்வளவு ஆயில் வெளிய வந்திருந்தா, ஒரு நாள் மிதிச்சிக்கிட்டு இருக்கும்போதே மொத்தமா உக்காந்துடும். அது என்ன, நூத்தி எழுபது கிலோ இருக்குமா வண்டி? நேரா இறங்கினா பிழைச்சோம். பக்கத்துல சாஞ்சா, கீழ உக்காந்திருக்கற ஆளு..." என்று நிறுத்திக்கொண்டார். "உடனே வீட்டுக்குப் போ. போனதும் அந்தக் கம்பியைக் காலால தள்ளிப் பள்ளத்துல விழ வை. டக்குனு சத்தம் வரும். அது விழுந்துட்டா பத்து வருஷம் வேணாலும் நிக்கும், ஆயிலே வேண்டாம். இறக்கறதா இருந்தா ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வண்டியப் பிடிக்கணும், ஒருத்தர் பெடலை அழுத்தணும். தனியாளா மட்டும் தொடாத."

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். "அவர் ஏன்க்கா லாக் போடாம போனாரு? ஊர்ல எல்லாரையும் அதைச் செய், இதைச் செய்யின்னு உயிரை எடுப்பாரு."

"எங்க போனாரு?"

"கடைக்கு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அஞ்சு நிமிஷத்துல திரும்பி வர்றவங்க யாரும்மா லாக் போடுவாங்க?" என்றார் அக்கா.

கிடைத்த டாக்ஸியில் ஏறினேன். மாமாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் எடுக்க மாட்டார். அது அவர் கட்டிலில் தலையணைக்கு அடியில் கிடக்கும், வெளியூரிலிருந்து நாத்தனார் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் அவருக்கு அது ஒரு சாமான். மணி பதினொன்று பத்து. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் எனக்கு என் கணவர் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஊரில் இருக்கிற அத்தனை தீயணைப்புக் கருவியின் முள்ளையும் குனிந்து பார்த்த மனுஷன், தன் வீட்டு ஜாக்கிக்கு ஒரு கம்பியைத் தட்டிவிடாமல் போயிருக்கிறார். திரும்பி வந்துவிடுவோம் என்று அவ்வளவு நிச்சயம். அதை நினைத்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

ஷெட்டின் பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து கிரீச், கிரீச் என்று சத்தம். மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

மாமா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தை வண்டியின் பக்கம் திருப்பவே இல்லை, சுவரைப் பார்த்தபடி இருந்தார். வலது கால் பெடலின் மேல். கால் தானாக அழுத்தாது. அதனால் இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, அந்தக் காலைக் கையால் அமுக்கினார். அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். பெடல் கீழே போனது. அவர் தலைக்கு மேலே வண்டி அரை விரல் ஏறியது, லேசாக அவர் பக்கம் ஆடியது, நின்றது. கையால் காலைத் தூக்கி மறுபடி பெடலில் வைத்தார். "எட்டு" என்றார் தனக்குத்தானே.

கத்தினால் பதறிவிடுவார், பதறினால் வண்டியைப் பிடிக்கப் போவார். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை.

"மாமா. காலை எடுத்துடுங்க. வண்டிமேல கை வைக்காதீங்க. அப்படியே ஸ்டூலைப் பின்னாடி நகத்துங்க."

பென்சிலைத் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் முகம் ஆனது. ஆனால் சொன்னபடி செய்தார். நான் போய் ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டு, காலால் அந்தக் கம்பியைத் துழாவித் தள்ளினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வண்டி தானாகக் கொஞ்சம் இறங்கி, கம்பி பள்ளத்தில் டக் என்று உட்கார்ந்தது. எண்ணெய் ஊறிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளா மாமா?"

"முதல் மாசத்துலேர்ந்தும்மா."

"முதல் மாசமா!"

"ஒரு நாள் நீ வேலைக்குப் போனப்புறம் வந்து பாத்தேன். கோட்டுக்குக் கீழ போயிடுச்சு, ரெண்டு விரல். சாயங்காலம் நீ பாத்தா என்ன ஆவியோன்னு பயமா இருந்துச்சு. பெடலை மிதிச்சேன், ஏறிடுச்சு. அப்போல்லாம் சாயங்காலம் நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மிதி போதும். இப்போ காலையில பதினஞ்சு, மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு பத்து, நீ வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம்."

"இந்த முழங்காலை வச்சிக்கிட்டா? உங்களுக்கு என்ன மாமா கிறுக்கா பிடிச்சிருக்கு? தலைமேல விழுந்திருந்தா? நான் சாயங்காலம் வந்து எதைப் பாத்திருக்கணும், சொல்லுங்க!" எனக்குக் குரல் எகிறிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அவர் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ வேலை விட்டு வந்ததும் நேரா இங்கதானேம்மா வர்ற. நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன். உள்ள போகும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். கோட்டைப் பாத்துட்டு வெளிய வரும்போது கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் நீ சாப்பிடற சத்தம் கேக்கும். என்னால உனக்கு வேற என்ன செய்ய முடியும்? ஒண்ணும் முடியல. இது முடிஞ்சுது."

நான் சொன்னேன், "நீங்க இங்க வந்து உக்காருறது அவர் ஞாபகமா, வண்டியப் பாக்கறதுக்குன்னு நினைச்சேன். அண்ணன் இறக்க வந்தப்போகூட உங்களுக்காகத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"எனக்காகவா?" மாமா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "எனக்கு இதைக் கண்ணால பாக்கவே முடியலம்மா. அதான் சுவத்தப் பாத்துக்கிட்டு மிதிக்கறேன். அவன் அன்னைக்கு இதுகிட்டேர்ந்துதானே எழுந்து போனான்."

பதினோரு மாதம். நான் அவருக்காக என்று சொல்லி எனக்காக வைத்திருந்தேன். அவர் எனக்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். பேசாமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறோம். அவருடைய முழங்காலைப் பார்த்தேன். வேட்டி விலகியிருந்தது, முழங்கால் பந்து மாதிரி வீங்கி மினுமினுவென்று இருந்தது. தினமும் சாயங்காலம் எனக்குக் கிடைத்த அந்தக் கொஞ்சம் நிம்மதி எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

இனிமேல் பயமில்லை. கம்பி விழுந்துவிட்டது. அக்கா சொன்ன மாதிரி பத்து வருஷம் நிற்கும், யாரும் மிதிக்க வேண்டாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம். மாமாவும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. "அப்போ இனிமே இறங்காதில்ல? உன் இஷ்டப்படி இருக்கட்டும்மா" என்றார்.

நான் எழுந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வருவதற்காகத்தான் லாக் போடாமல் போனார். இப்போது நான் லாக் போட்டிருக்கிறேன். அவர் வருவார் என்று இனிமேல் என்னால் நினைக்க முடியவில்லை. நினைத்துப் பார்த்தேன், அந்த நினைப்பே வரவில்லை. மேலே நின்றது வெறும் வண்டி.

"இறக்கிடலாம் மாமா" என்றேன்.

"நிஜமாவா?"

"ரெண்டு பேர் வேணுமாம். நான் பிடிச்சுக்கறேன். நீங்க கிட்ட வராதீங்க, ஊன்றுகோலால அழுத்துங்க. முதல்ல ஏத்தற பெடலை ஒரே ஒரு தடவை. கம்பி விடுபடணும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளி நின்று, ஊன்றுகோலின் நுனியைப் பெடலில் வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். வண்டி கொஞ்சம் ஏறியது. நான் காலால் கம்பியை வெளியே இழுத்தேன். இப்போது அந்த நூற்றெழுபது கிலோவுக்கும் கிழிந்த சீல், என் இரண்டு கைகள் தவிர வேறு துணை இல்லை.

"இப்போ அந்தப் பக்கத்துப் பெடல். மெதுவா மாமா. ரொம்ப மெதுவா."

இந்தத் தடவை அவர் சுவரைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்தபடி அழுத்தினார். ஜாக்கி பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. சீட் என் மார்பிலிருந்து இடுப்புக்கு வந்தது. பின் சக்கரம் தரையைத் தொட்டது, பிறகு முன் சக்கரம். என் கையில் பாரம் குறைந்ததும் சைடு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தெருவில் எந்தக் கடை வாசலிலும் நிற்கிற மாதிரிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அவர் போன அன்றுகூட நான் இப்படி அழவில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் போன் பேசவும் ஆட்களை உட்கார வைக்கவுமே அன்றைக்கு நேரம் சரியாக இருந்தது.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். தோளைத் தொடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. தொடவில்லை. ஸ்டூலை ஊன்றுகோலால் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் உட்காரவில்லை, அவரையே பிடித்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ கேட்டைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில்.

"ஏம்மா" என்றார் மாமா. "நாளைக்கு நீ வேலைக்குப் போனப்புறம் நான் என்ன பண்றது?"

குறையாகக் கேட்கவில்லை, கிண்டலாகவும் கேட்கவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிற குரலில் கேட்டார். டிவி இருக்கிறது, பேப்பர் இருக்கிறது என்று வாய்வரை வந்தது. அதெல்லாம் அவருக்கும் தெரியும்.

"தெரியல மாமா" என்றேன். "சாயங்காலம் வந்ததும் நான் எங்க போறதுன்னும் தெரியல."